கறுத்த ஸ்கிரீனிலை ஒரு அரவு

கனநாளாய் எழுதவேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்த விசயம். கொம்பியூட்டர் தெரிஞ்ச பெடியள் வாசிச்சால் சிரிப்பினம், தெரியாத ஆக்கள் முதல் பந்தியோடை ஓடிப்போவினம் எண்ட யோசினையிலை தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தன். இண்டைக்கு நைற் டியூட்டி இல்லை, வெளியிலை மழை. எழுதுறன்.

விசயம் இதுதான். லினக்ஸ், யுனிக்ஸ் எண்டு சொல்லுற மெசினுகளிலை, மவுஸ் இல்லாமல் மெனு இல்லாமல் வெறும் கறுத்த ஸ்கிரீனிலை கட்டளையாலை மட்டும் ஓடுற ஒரு எடிட்டர் இருக்கு. அதுக்குப் பேர் வீ-ஐ. அதின்ர பிந்தின வடிவத்துக்குப் பேர் விம். 2021 இல், 54 வயசிலை, பெற்றோல் ஸ்ரேசன் கல்லாவுக்குப் பின்னாலை இருந்து நான் அதைப் பழகினன். ஏன் பழகினன், எப்பிடிப் பழகினன், என்னைப்போல ஆக்கள் உதைக் கொஞ்சமாவது ஏன் தெரிஞ்சு வைச்சிருக்கவேணும் எண்டு சொல்லுறன்.

எங்கட ஊர்ச் சங்கத்துக்கு ஒரு வெப்சைற் இருக்கு. 2002 இல் தொடங்கினது. பள்ளிக்கூடத்துப் பழைய படங்கள், கோயில் திருவிழா, மரண அறிவித்தல், எல்லாச் சங்கத்திலையும் இருக்கிறதுதான். அதோடை ஒரு நினைவுப் பட்டியலும் இருக்கு. யுத்தத்திலை செத்துப்போன எங்கட ஊர்ச் சனத்தின்ர பேர், தகப்பன்ர பேர், வருசம். வேற எங்கையும் அந்தப் பேருகள் ஒண்டாய் இல்லை. ஊரிலை இருந்த பதிவுகள் இடம்பெயர்விலை போச்சுது. பட்டியலை ஞாபகத்திலை இருந்து சொல்லி எழுதுவிச்ச பெரிய ஆக்களிலை அரைவாசிப்பேர் இப்ப இல்லை.

சைற்றைப் பார்த்துக்கொண்டிருந்த பெடியன் அவுஸ்திரேலியாவுக்குப் போயிட்டான். போகேக்கை ஒரு கொப்பி ஒற்றையிலை சேவர் விலாசமும் பாஸ்வேட்டும் எழுதித் தந்திட்டுப் போனவன். மவுசாலை வேலை செய்யிற பக்கம் ஒண்டு முன்னம் இருந்ததாம். அது பழசாகிப் படுத்திட்டுது. மிஞ்சினது கறுத்த ஸ்கிரீன் வழி மட்டும்தான்.

அந்த நேரம்தான் ரொறன்ரோவிலை இருந்து ரீச்சர் போன் எடுத்தவ. எனக்கு நாலாம் வகுப்புப் படிப்பிச்சவ. வயசு 80 தாண்டியிட்டுது. 1987 இல் ஷெல் விழுந்து செத்துப்போன அவவின்ர மகன்ர பேர் பட்டியலிலை பிழையாய்க் கிடக்கு. சைற் தொடங்கின காலத்திலை ஆரோ பிரிண்ட் எடுத்துக் குடுத்த தாளைக் கையிலை வைச்சுக்கொண்டு கதைக்கிறா.

"தம்பி, பிள்ளையின்ர பேரிலை ஒரு அரவு இல்லையடா. எத்தினை பேருக்குச் சொல்லிப்போட்டன். அரவு இல்லாட்டி அது வேற ஆற்றையோ பேர்."

"நான் பார்க்கிறன் ரீச்சர்."

பார்க்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். எப்பிடிப் பார்க்கிறது? அக்கான்ர மகன் கொம்பியூட்டர் வேலை. விண்டோஸ் ஓடாத பழைய லப்ரொப் ஒண்டிலை லினக்ஸ் போட்டு எனக்குத் தந்தவனும் அவன்தான். சேவருக்குள்ளை போறதுக்கு என்ன அடிக்கவேணும், எந்த ஃபைல் எண்டு போனிலை சொல்லித் தந்தான். ஃபைல் திறந்திது. எழுதப் பார்த்தன். எழுத்து வரேல்லை. ஒரு கட்டையை அமத்தினால் கேசர் இடப்பக்கம் ஓடுது, இன்னொண்டை அமத்தினால் கீழை போகுது, இன்னொண்டுக்கு "பீங்" எண்டு கத்துது. திரும்ப அவனுக்கு அடிச்சன்.

"மாமா, கீழை இடப்பக்க மூலையிலை ஏதும் எழுதியிருக்கோ?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப நீங்கள் நோமல் மோட்டிலை நிக்கிறியள். ஐ எண்ட கட்டையை ஒருக்கால் அமத்துங்கோ."

"அமத்தினன். இன்சேட் எண்டு வருது."

"இப்ப நீங்கள் எழுதலாம். எழுதி முடிய எஸ்கேப் அமத்தினால் பழைய இடத்துக்கு வரும். வெளியிலை போறதெண்டால் கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்ரர். ஒண்டும் சேவ் பண்ணாமல் வெளியிலை விடும்."

வெளியிலை வாற வழி தெரியாமல் நிண்டது நான் மட்டும் இல்லை எண்டு பேந்துதான் அறிஞ்சன். புரோகிராமர்மார் கேள்வி கேக்கிற ஸ்ரக் ஓவர்ஃபுளோ எண்ட தளத்திலை, விம்மை விட்டு எப்பிடி வெளியேறுறது எண்ட ஒரு கேள்வியை 2017 அளவிலை பத்து லட்சம் தடவைக்கு மேலை ஆக்கள் வந்து பார்த்திருக்கினம். படிச்ச பெடியளுக்கே உந்த நிலைமை.

வேர்ட் போல எடிட்டருகளிலை திறந்தவுடனை எழுதலாம். வீ-ஐ அப்பிடி இல்லை. அது உங்களை முதல் வாசிக்கத்தான் விடும். நோமல் மோட் எண்டுற அந்த நிலையிலை ஒவ்வொரு கட்டையும் ஒரு கட்டளை. எச் இடம், ஜே கீழ், கே மேல், எல் வலம். எக்ஸ் ஒரு எழுத்தை அழிக்கும். டீ ரெண்டு தரம் அடிச்சால் முழு வரியும் போகும். யூ அடிச்சால் செய்ததைத் திருப்பும். எழுத விரும்பினால் ஐ அடிச்சு, எழுதப்போறன் எண்டு சொல்லிப்போட்டு எழுதவேணும்.

ஆரம்பத்திலை எனக்கு உது எரிச்சலாய்த்தான் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலைத் திறந்து வைச்சிருக்கேக்கை அதின்ர நியாயம் விளங்கினது. செத்த ஆக்களின்ர பேர் இருக்கிற ஃபைலிலை கை தவறி ஒரு எழுத்து விழக்கூடாது. பார்க்கிறது வேறை, கை வைக்கிறது வேறை எண்டு பிரிச்சு வைச்சிருக்கிற ஒரு சாமான் அந்த வேலைக்குப் பொருத்தம்தானே.

ஏன் உப்பிடிச் செய்தாங்கள் எண்டு தேடி வாசிச்சன். வாசிக்க வாசிக்க நல்ல கதையாய்ப் போச்சுது.

வீ-ஐயை எழுதினவர் பில் ஜோய். 1976 அளவிலை கலிபோர்னியாவிலை, பெர்க்லி பல்கலைக்கழகத்திலை படிச்சுக்கொண்டிருந்தவர். அவர் பாவிச்சது ஏடீஎம்-3ஏ எண்ட ஸ்கிரீன் மெசின். அதிலை அம்புக்குறிக் கட்டையள் தனியாய் இல்லை. எச், ஜே, கே, எல் கட்டையளுக்கு மேலையே அம்புக்குறியைக் கீறியிருந்தாங்கள். எஸ்கேப் கட்டை, இப்ப எங்கட கீபோட்டிலை ராப் இருக்கிற இடத்திலை இருந்தது. சின்ன விரலுக்குப் பக்கத்திலை. மெசின் போயிட்டுது. கட்டையள் சொன்ன திசை மட்டும் இப்பவும் அப்பிடியே நிக்குது.

மற்றது லைன். பில் ஜோய் வீட்டிலை இருந்து ரெலிபோன் லைனிலை 300 போட் மொடத்தாலை வேலை செய்தவர். செக்கனுக்கு 30 எழுத்து அளவிலைதான் வரும். ஒரு ஸ்கிரீன் எண்டால் 24 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 1920. கணக்குப் பார்த்தால் ஒரு ஸ்கிரீன் முழுக்க நிரம்ப ஒரு நிமிசத்துக்கு மேலை வேணும். அப்பிடி ஒரு லைனிலை மெனுவும் பட்டனும் கீறிக்கொண்டிருக்க ஏலுமே? அதாலைதான் எல்லாக் கட்டளையும் ஒரு எழுத்து, ரெண்டு எழுத்து. எங்கட காலத்துத் தந்தி ஞாபகம் இருக்கோ? சொல்லுக்குக் காசு. "தகப்பன் கடுமை உடன் வரவும்." நாலு சொல்லிலை முழு விசயமும் வந்திடும். வீ-ஐயின்ர பாசையும் தந்திப் பாசைதான்.

அதுக்கும் முன்னாலை ஒரு கதை இருக்கு. யுனிக்ஸிலை முதல் இருந்தது கென் தொம்சன் எழுதின ஈடி எண்ட எடிட்டர். அது ஃபைலை ஸ்கிரீனிலை காட்டாது. நீங்கள் வரியைக் கேக்கவேணும். பிழையாய் ஏதும் அடிச்சால் ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டிட்டுப் பேசாமல் இருக்கும். லண்டனிலை குயீன் மேரி கொலிஜிலை இருந்த ஜோர்ஜ் கூலூரிஸ் எண்டவர், சாதாரண ஆக்களும் பாவிக்கக்கூடியதாய் அதைத் திருத்தி ஈஎம் எண்டு பேர் வைச்சார். "மனிசருக்கான எடிட்டர்" எண்டு அர்த்தம். 1976 கோடையிலை அவர் பெர்க்லிக்குப் போகேக்கை பில் ஜோய் அதைக் கண்டு, வாங்கி, அதிலை இருந்து வளர்த்ததுதான் முதல் ஈஎக்ஸ், பேந்து வீ-ஐ. நான் ஏறுற 25 ஆம் நம்பர் பஸ் மைல் எண்ட் ரோட்டிலை அந்த இடத்தைத் தாண்டித்தான் போகும். இவ்வளவு வருசமும் எனக்கு அது ஒரு பஸ் தரிப்பிடம் மட்டும்தான்.

இனித்தான் முக்கியமான கட்டம்.

சைற் 2002 இல் செய்தது எண்டு சொன்னன். அந்தக் காலம் எல்லாம் பாமினி எழுத்துருதானே. புதுப் பிள்ளையளுக்குச் சொல்லுறன்: பாமினியிலை ஃபைலுக்குள்ளை உண்மையிலை இருக்கிறது இங்கிலிஸ் எழுத்துகள். அதுக்கு மேலை தமிழ் முகமூடி போட்டுக் காட்டுறதுதான் பாமினியின்ர வேலை. கறுத்த ஸ்கிரீனிலை அந்த முகமூடி இல்லை. "அம்மா" எண்டது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு நிக்கும். அக்கான்ர மகன் ஒருக்கால் வீட்டை வந்து எட்டிப் பார்த்திட்டுச் சொன்னான், "மாமா, ஃபைல் பழுதாய்ப் போச்சுது, முழுக்கக் குப்பை."

எனக்குக் குப்பையாய்த் தெரியேல்லை. 1984 இல் யாழ்ப்பாணத்திலை தமிழ் ரைப்பிங் கிளாசுக்குப் போனவன் நான். ய, ள, ன, க எண்டு நாள் முழுக்கத் தட்டின விரல். பாமினியும் அந்த ரைப்ரைட்டர் ஒழுங்கிலைதான் எழுத்துகளை வைச்சிருக்கு. ரைப்ரைட்டரைச் செய்த ஆர். முத்தையா சுண்டிக்குளியிலை பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர் எண்டுறதையும் இந்த இடத்திலை ஞாபகப்படுத்திறன். அந்தக் கட்டை ஒழுங்கு விரலிலை இருந்ததாலை, அந்தக் "குப்பையை" நான் பேர் பேராய் வாசிச்சன். அக்கான்ர மகன் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கேல்லை.

அதிலை ஒரு வேடிக்கை. வீ-ஐயிலை கேசரை நகர்த்திற எச், ஜே, கே, எல் நாலு கட்டையும் பாமினியிலை என்ன தெரியுமோ? அரவு, த, ம, ட. அதாவது நோமல் மோட்டிலை நிண்டுகொண்டு அரவு போடப் போனால் கேசர் இடப்பக்கம் ஓடும். "தமிழ்" எண்டு அடிச்சுப் பாருங்கோ. த எண்டால் ஜே, கேசர் ஒரு வரி கீழை போகும். ம எண்டால் கே, திரும்ப மேலை வரும். இ விசிறி எண்டால் பீ, முன்னம் வெட்டினது ஏதும் இருந்தால் கொண்டுவந்து ஒட்டும். ழ எண்டால் ஓ, கீழை புது வரி ஒண்டைத் திறந்து எழுதுற நிலைக்குப் போகும். கடைசியாய்ப் புள்ளி, அது அரைப்புள்ளியாய் அந்தப் புது வரியிலை விழும். "தமிழ்" எண்டு எழுதப் போனால் மிஞ்சிறது புள்ளி மட்டும்.

ஐ அடிச்சுப்போட்டு எழுதினால் முழுச் சொல்லும் வரும். வித்தியாசம் அந்த ஒரு கட்டைதான்.

ரீச்சரின்ர மகன்ர பேரைத் தேடினது ஒரு சனிக்கிழமை இரவு. பம்பிலை ஆக்கள் குறைவு. சாய்வுக்கோடு அடிச்சு, பேரைப் பாமினிக் கட்டையிலை அடிச்சு, என்ரர். முதல் வந்தது வேறை ஆள், தகப்பன்ர பேர் வேறை. என் அடிச்சால் அடுத்ததுக்குப் போகும். மூண்டாவதாய் வந்தது அவன். தகப்பன்ர பேர் சரி, வருசம் 1987, சரி. எல் கட்டையாலை நாலு எழுத்துத் தள்ளிப் போனன். ஐ. கீழை இன்சேட் எண்டு வந்தது. எச். அரவு விழுந்திது. எஸ்கேப். கோலன், டபிள்யூ, கியூ, என்ரர்.

அவ்வளவுதான். ஒரு எழுத்து.

பாமினி போட்ட மெசினிலை பக்கத்தைத் திறந்து பிரிண்ட் எடுத்து ரொறன்ரோவுக்குத் தபாலிலை அனுப்பினன். ரெண்டு கிழமையாலை போன் வந்தது. "தபால் கிடைச்சுது தம்பி. கண்ணாடி போட்டுப் பார்த்தன். அரவு இருக்கு." அதுக்குப் பிறகு ரீச்சர் குளிரைப் பற்றியும் முழங்கால் நோவைப் பற்றியும் கதைச்சா. மகனைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை. நானும் கேக்கேல்லை.

அந்தச் செய்தி சங்கத்துக்குள்ளை பரவினதும் ஆளாளுக்குத் திருத்தம் சொல்ல வெளிக்கிட்டினம். அதாலை எனக்கு மிச்சமும் பழகவேண்டி வந்தது. பழக விரும்புறவைக்கு நான் செய்த வழியைச் சொல்லுறன்.

முதல், விம் போட்ட லினக்ஸ் மெசினிலை விம்ரியூட்டர் எண்டு அடியுங்கோ. அதுக்குள்ளையே ஒரு பாடம் இருக்கு. அரை மணித்தியாலத்திலை முடியும் எண்டு அதிலை போட்டிருக்கு. எனக்கு மூண்டு இரவு எடுத்தது. பம்புக்கு ஆள் வந்தால் எழும்பவேணுமே. ஒரு நாளைக்கு ஒரு கட்டளைக்கு மேலை புதுசாய்ப் பிடிக்கவேண்டாம். நான் லொட்டரி ரிசீற்றுக்குப் பின்பக்கத்திலை எழுதிக் கல்லாவிலை ஒட்டி வைச்சன். ஒரு கிழமையாலை ரிசீற்றைப் பார்க்காமல் விரல் போகும்.

ரெண்டாவது, கட்டளையளைத் தனித்தனியாய்ப் பாடமாக்காதையுங்கோ. அதுக்கு ஒரு இலக்கணம் இருக்கு. டீ எண்டால் அழி, டபிள்யூ எண்டால் ஒரு சொல். டீயும் டபிள்யூவும் சேர்ந்தால் சொல்லை அழி. முன்னாலை மூண்டு எண்டு போட்டால் மூண்டு சொல்லை அழி. டீக்குப் பதிலாய் சீ போட்டால் அழிச்சுப்போட்டு எழுத விடும். இப்பிடி ஒரு வினையும் ஒரு பெயரும் ஒரு எண்ணும் தெரிஞ்சால் கன வசனம் கட்டலாம்.

மூண்டாவது, ஃபைல் முழுக்க ஒரு சொல்லை மாத்திற கட்டளை ஒண்டு இருக்கு. எங்கட பக்கத்து ஊரின்ர பேரே பட்டியல் முழுக்கப் பிழையாய்க் கிடந்தது, அதுக்குப் பாவிச்சன். அந்தக் கட்டளையின்ர கடைசியிலை சீ எண்ட எழுத்தைச் சேர்த்தால் ஒவ்வொரு இடத்திலையும் நிண்டு, மாத்தட்டோ வேண்டாமோ எண்டு கேக்கும். ஆக்களின்ர பேர் இருக்கிற ஃபைலிலை சீ இல்லாமல் அந்தக் கட்டளையைத் தொடாதையுங்கோ. அரவு இல்லாத பேரும் ஆற்றையோ பேர்தான். ரீச்சர் சொன்னதுதான் அது.

நாலாவது, வேலை தொடங்க முதல் ஃபைலை வேறை பேரிலை ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. உதுக்கு விளக்கம் தேவையில்லை.

அக்கான்ர மகனுக்கு இப்பவும் சிரிப்புத்தான். "மாமா, நானோ இருக்கு, வீஎஸ் கோட் இருக்கு. இந்தக் காலத்திலை உதோடை ஏன் மினக்கெடுறியள்?" எண்டு கேப்பான். நானோ நல்ல சாமான், இல்லை எண்டு சொல்லேல்லை. கீழை ரெண்டு வரியிலை என்ன அமத்தவேணும் எண்டு எழுதியே காட்டும். பழகிறதுக்கு ஒண்டும் இல்லை. ஆனால் எங்கட சங்கத்துச் சேவரிலை நானோ இல்லை. வீ-ஐ இருந்தது.

அதுதான் நான் சொல்லவந்த விசயம். யுனிக்ஸுக்குப் போசிக்ஸ் எண்டு ஒரு தரநிர்ணயம் இருக்கு. வீ-ஐயின்ர கட்டளையள் அதிலையே எழுதியிருக்கு. அதாலை யுனிக்ஸ் வழியிலை வந்த எந்த மெசினுக்குள்ளை போனாலும், ஆர் வைச்சிருந்த சேவராய் இருந்தாலும், 20 வருசப் பழசாய் இருந்தாலும், பெரும்பாலும் அது அங்கை இருக்கும். உங்கட சொந்த மெசினிலை நீங்கள் விரும்பினபடி அலங்கரிச்சு வைச்சிருக்கிற எடிட்டர் நல்லதுதான். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு எல்லா இடமும் போக ஏலாது.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலை இருந்து வெளிக்கிட்ட சனத்துக்கு உது தெரியும். சைக்கிள் கரியரிலை கட்டக்கூடியதுதான் சொத்து. பேந்து அதுவும் வழியிலை குறையும். கடைசியிலை ஆர் தப்பிப் பிழைச்சது எண்டு பாருங்கோ. போன இடத்திலை இருந்த சாமானை வைச்சு வேலை செய்யத் தெரிஞ்சவன். மேசன், தையல்காரர், சைக்கிள் திருத்திறவன். அவை ஆயுதப்பெட்டி இல்லாமலே வந்து, அங்கை கிடந்ததை எடுத்து வேலையைத் தொடங்கிச்சினம். நான் ரைப்ரைட்டரை விட்டிட்டு வந்தவன். கட்டை ஒழுங்கு விரலோடை வந்திட்டுது, கடைசியிலை ஒரு பட்டியலை வாசிக்க உதவினது. அதாலை அகதியாய் வந்த பிள்ளையளுக்கு நான் சொல்லுறது, வசதியான சாமானைப் பாவியுங்கோ, ஆனால் போற இடமெல்லாம் இருக்கிற சாமானையும் பழகி வையுங்கோ.

இன்னொரு குணமும் எனக்குப் பிடிச்சது. பம்பிலை இன்ரநெற் அடிக்கடி அறுபடும். அரைவாசியிலை அறுந்தால் எழுதினது போச்சுது எண்டுதான் நினைப்பம். விம் நீங்கள் எழுத எழுத ஒரு ஒளிச்ச ஃபைலிலை குறிச்சுக்கொண்டே இருக்கும். திரும்பப் போய் அதே ஃபைலைத் திறந்தால், முன்னம் ஒருத்தர் இதை எழுதிக்கொண்டு இருக்கேக்கை அறுபட்டிருக்கு, மீட்கட்டோ எண்டு கேக்கும். ஆர் அடிச்சால் கிட்டத்தட்ட விட்ட இடத்திலை இருந்து தொடரலாம். அரைவாசியிலை விட்டிட்டு ஓடிவந்த எங்களுக்கு உப்பிடிக் கேக்கிற சாமான் வேறை எது இருக்கு?

விம்மைச் செய்தவரைப் பற்றியும் சொல்லாமல் விட ஏலாது. பிராம் மூலெனார், நெதர்லாந்துக்காரர். அவரிட்டை இருந்தது அமிகா கொம்பியூட்டர். அதுக்கு நல்ல வீ-ஐ இல்லாததாலை, ஸ்ரீவி எண்ட இன்னொண்டிலை இருந்து தொடங்கி எழுதி, 1991 இல் வெளியிலை விட்டார். ஃபைல் பேர் குடுக்காமல் விம்மைத் திறந்தால் நடுவிலை ஒரு சின்ன அறிவிப்பு வரும். நான் முதல் திறக்கேக்கை அதிலை உகண்டாவிலை இருக்கிற ஏழைப் பிள்ளையளுக்கு உதவுங்கோ எண்டு இருந்தது. எனக்கு விளங்கேல்லை. கொம்பியூட்டருக்கும் உகண்டாவுக்கும் என்ன சம்பந்தம்?

பேந்து வாசிச்சன். அவர் 1994 இல் உகண்டாவின்ர தெற்கிலை கிபாலே எண்ட சின்ன ஊரிலை, பிள்ளையளுக்கான ஒரு நிலையத்திலை போய் வேலை செய்தவர். எயிட்ஸ் வந்து தாய்தகப்பனைத் தின்ற பகுதி. திரும்பி வந்து, விம்முக்கு நான் காசு கேக்கமாட்டன், பிடிச்சிருந்தால் அந்தப் பிள்ளையளுக்குக் குடுங்கோ எண்டு எழுதி வைச்சார். 2023 ஓகஸ்ட் 3 ஆம் திகதி, 62 வயசிலை செத்துப்போனார். விம்மை இப்ப வேற ஆக்கள் சேர்ந்து கொண்டு நடத்தினம்.

வன்னியிலை யூஎன்எச்சீஆர் எண்டு எழுதின நீலத் தறப்பாளுக்குக் கீழை இருந்தவன் நான். முன்பின் தெரியாத ஆரோ எங்கையோ இருந்து எங்களை நினைச்சிருக்கினம் எண்டு அந்த எழுத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் தோன்றும். அந்த அறிவிப்பைப் பார்க்கேக்கையும் அதே நினைப்புத்தான் வந்தது. ஒரு மாசம் சம்பளம் வந்ததும் நானும் கொஞ்சம் அனுப்பினன். பெரிய காசு இல்லை.

இனி கடைசி விசயம், உண்மையிலை இதுக்காகத்தான் எழுதத் தொடங்கினன்.

எங்கட சங்கத்தைப்போல எத்தினை ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில், 2000 ஆம் ஆண்டை ஒட்டிப் பாமினியிலை சைற் செய்து வைச்சது? மலருகள், நினைவஞ்சலியள், பேர்ப் பட்டியலுகள். இப்ப ரெலிபோனிலை திறந்து பார்த்தால் எங்கட பிள்ளையளுக்கு அது அர்த்தமில்லாத இங்கிலிஸ் எழுத்துக் குவியல். கூகிளிலை தேடினாலும் வராது. பாமினியை யூனிகோட்டாய் மாத்திறதுக்கு மாற்றிகள் இருக்கு. சுரதாவின்ர பொங்குதமிழ் மாற்றியை அந்தக் காலத்திலை பாவிக்காத ஆக்கள் குறைவு. ஆனால் சைற் பக்கத்தை அப்பிடியே தூக்கி மாற்றியிலை போட ஏலாது. பக்கத்தைக் கட்டி வைச்சிருக்கிற இங்கிலிஸ் குறியளையும் அது தமிழாக்கி, எல்லாத்தையும் குழப்பிப்போடும். எது தமிழ், எது குறி எண்டு பிரிச்சு எடுக்கவேணும். மாத்தின பிறகு பேர் பேராய்ச் சரிபார்க்கவேணும். அதுக்குச் சேவருக்குள்ளை போகத் தெரிஞ்ச கையும் வேணும், பாமினியை முகமூடி இல்லாமல் வாசிக்கத் தெரிஞ்ச கண்ணும் வேணும்.

கை இருக்கிறது இருபத்தஞ்சு வயசுப் பிள்ளையளிட்டை. கண் இருக்கிறது எங்களைப்போல அறுபதை எட்டிற ஆக்களிட்டை. எங்கட எண்ணிக்கை வருசத்துக்கு வருசம் குறையுது. சேவர் வாடகையைக் கட்டிக்கொண்டிருக்கிற ஆக்களும் அப்பிடித்தான். ஒரு வருசம் காசு கட்டாமல் விட்டால் அந்தப் பேருகள் திரும்ப வராது.

எங்கட பட்டியலிலை அரைவாசி மாத்தி முடிச்சிட்டன். அக்கான்ர மகன் ஞாயிற்றுக்கிழமையிலை வந்து பக்கத்திலை இருக்கிறான். நான் வாசிக்க அவன் மாத்திறான், அவன் களைச்சால் நான் மாத்திறன். உங்கட ஊர்ச் சங்கத்திலையும் ஒரு கொப்பி ஒற்றையிலை பாஸ்வேட் எழுதிக் கிடக்கும். ஆரிட்டை இருக்கெண்டு முதல் விசாரியுங்கோ. உள்ளை போனதும் ஒரு பிரதி எடுங்கோ. எழுத்து வரேல்லை எண்டால் பயப்பிடாதையுங்கோ, ஐ அடியுங்கோ.